கடனை அடைத்த பிறகு வளர்ந்த கடன்: கடலூர் ஸ்நூக்கர் ஹால் ஒன்றில் பந்தயம் கட்டி ஆடியவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

போதை மீட்பு மற்றும் மனநலப் பிரிவு ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் குடிக்காக வருபவர்கள். சில ஆண்டுகளாக ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டவர்களும் வருகிறார்கள். கியூ என்ற நீளக் கோலால் பந்துகளை அடித்து மேஜைக் குழிகளில் விழவைக்கும் ஆட்டம் ஸ்நூக்கர். அந்த மேஜையில் சொத்தை இழந்து வந்தவர் இவர்தான் முதல் ஆள். அவரும் அவர் மனைவியும் ஒப்புக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வரிசையில்தான் இருக்கிறது.

பின்னணி

கடலூர் ஓ.டி. எனப்படும் பழைய நகரில் (ஓல்டு டவுன்) விசைப்படகு இன்ஜின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடை. அப்பா தொடங்கியது. அவர் இறந்த பிறகு மகன் நடத்துகிறார். வயது 34. மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், அம்மா ஆகியோர் ஒரே வீட்டில். அக்காவைப் பண்ருட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லை, சிகரெட் இல்லை. "எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத பையன்" என்று அம்மா எங்களிடம் சொன்னது உண்மையாக நம்பிச் சொன்னதுதான்.

இந்தத் தொழிலின் பணப்போக்கைப் புரிந்துகொள்ளாமல் இவருடைய கதையைப் புரிந்துகொள்ள முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பது அந்த இரண்டு மாதத்தில்தான். உதிரிபாகம் அதிகம் போகும், ஆனால் பெரும்பகுதி கடனுக்குப் போகும். ஜூன் 15ஆம் தேதி படகு இறங்கி, மீன் வந்து, ஏலம் போன பிறகுதான் படகுக்காரர்கள் பாக்கியைக் கொடுப்பார்கள். ஆக, ஏப்ரல், மே மாதங்களில் கடைக்காரர் கையில் காசு இருக்காது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை கட்டுக்கட்டாக ரொக்கம் புரளும். அந்த ரொக்கம் அவருடையது அல்ல, சென்னை மொத்த வியாபாரிகளுக்குப் போக வேண்டியது. ஆனால் சில வாரங்கள் அவர் கையில் இருக்கும்.

அந்த ஹால்

நகரத்தின் பழைய கடைத்தெரு ஒன்றில் மாடியில் இருக்கிறது. 12 அடிக்கு 6 அடி முழு அளவு ஸ்நூக்கர் மேஜை இரண்டு, சிறிய பூல் மேஜை ஒன்று. ஒரு காலத்தில் வக்கீல்களும் அரசு அதிகாரிகளும் சாயங்காலத்தில் வந்து ஆடிவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன இடம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஒரு மேஜை நாள் முழுக்க மழையில் நனைந்தது. பச்சைத் துணியை மாற்றினார்கள். அடியில் இருக்கும் கல் பலகைகளை மட்டம் பார்த்துப் பொருத்த ஆள் கிடைக்கவில்லை. அன்று முதல் அந்த மேஜையில் மெதுவாக அடித்த பந்து ஒரு மூலைப் பக்கம் சாயும். எந்த மூலை, எவ்வளவு என்பது தினமும் வருபவர்களுக்குத் தெரியும். வெளியூர் ஆளுக்குத் தெரியாது.

பிறகு ஹாலை வேறொருவர் உள்வாடகைக்கு எடுத்தார். பகலில் கல்லூரிப் பையன்கள் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து ஆடுவார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் கீழ்க் கதவைச் சாத்திவிட்டு நடப்பது வேறு ஆட்டம். ஹாலில் 30 வருடத்துக்கு மேலாக மார்க்கராக இருந்த பெரியவர் ஒருவர் எண்ணிக்கை பார்ப்பார், பந்து அடுக்குவார். அவரை எல்லோரும் "அண்ணே" என்பார்கள்.

இரவு ஆட்டத்தில் 15 சிவப்புப் பந்துடன் முழு ஆட்டம் ஆடுவதில்லை, நேரம் பிடிக்கும். 6 சிவப்புதான். சிவப்புக்கு 1, கறுப்புக்கு 7 என்று மாறி மாறி எல்லாம் போட்டாலும் 75 புள்ளியில் ஆட்டம் முடிந்துவிடும். கால் மணி நேரத்தில் ஒரு பந்தயம் தீர்ந்து அடுத்தது தொடங்கும். ஆடுபவர்கள் கட்டுவது ஒரு பணம், சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆள்மேல் கட்டுவது இன்னொரு பணம். ஜெயித்தவர் கையில் வருவதில் நூற்றுக்குப் பத்து ஹாலுக்கு. அதே பெஞ்சில் வட்டிக்குக் கொடுப்பவரும் உட்கார்ந்திருப்பார். பர்ஸ் காலியானால் எழுந்து வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை.

"இது சூதாட்டம் இல்ல மேடம்"

முதல் சந்திப்பிலேயே அவர் இதைச் சொன்னார். கல்லூரி நாட்களில் மாவட்டப் போட்டிகளில் ஆடியவர். உலகப் பட்டங்கள் வென்ற இந்திய ஸ்நூக்கர் வீரர் பங்கஜ் அத்வானி ஆடுவதைப் போனில் மணிக்கணக்காகப் பார்ப்பவர். ஸ்நூக்கர் 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் நடுவே உருவானதையும், ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் எழுதப்பட்டதையும் எங்களுக்குச் சொன்னதே அவர்தான். சொல்லும்போது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த ஆட்டத்தின்மேல் அவருக்கு இருப்பது உண்மையான பிரியம். அதைக் கேலி செய்யவோ குறைத்துப் பேசவோ கூடாது என்று அன்றே குழுவில் பேசி வைத்துக்கொண்டோம்.

சட்டமும் அவர் பக்கம் கொஞ்சம் சாய்வதுபோல் இருந்தது. 1930ஆம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, முழுக்கத் திறமை சார்ந்த ஆட்டங்களுக்குத் தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்கிறது. 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியையே திறமை மேலோங்கிய ஆட்டம் என்று சொல்லியிருக்கிறது. "அப்ப ஸ்நூக்கர் எப்படி சூதாட்டமாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றம் பார்ப்பது ஆட்டத்தை, நாங்கள் பார்க்க வேண்டியது ஆளை. கையில் உள்ள பணம், தூக்கம், பொய், கடன் ஆகியவை என்னவாயின என்பதை எந்தப் பிரிவும் சொல்லாது.

அவருடைய வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அவரே கண்டுபிடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். இரவு ஆட்டத்தில் யாரும் சரிசமமாக ஆடுவதில்லை. பலமான ஆள் பலவீனமான ஆளுக்கு 10 புள்ளி, 15 புள்ளி என்று முன்கூட்டியே விட்டுக்கொடுக்க வேண்டும். எவ்வளவு விடுவது என்று ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் பேரம் நடக்கும். இரண்டு பேருக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று தோன்றும்போதுதான் பேரம் படியும். அதாவது அவருடைய 15 வருடத் திறமையின் விலை அந்தப் பேரத்திலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு மிஞ்சுவது நாணயம் சுண்டுவதற்கு நெருக்கமான ஒன்று. அதிலும் நூற்றுக்குப் பத்து ஹால் எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு, எதிராளி சாயங்காலம் வேண்டுமென்றே சுமாராக ஆடிக் காட்டி, கூடுதல் புள்ளி வாங்கிக்கொண்டு, ராத்திரி தன் நிஜ ஆட்டத்தை எடுப்பதும் அங்கே வழக்கம்.

முதல் முறை கடனை அடைத்தது

எங்களிடம் வருவதற்கு ஓராண்டு முன்பே குடும்பத்துக்கு விஷயம் ஒருமுறை வெளியே வந்திருக்கிறது. "யாவாரத்துல நஷ்டம்" என்று சொல்லி அழுதிருக்கிறார். அக்கா தன் நகைகளைக் கொடுத்தார். முந்திரித் தோப்பில் தம்பிக்கு இருந்த பங்கை அக்கா கணவர் விலைக்கு எடுத்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து 6 லட்சம். அந்தப் பணத்தை அவர் கையிலேயே கொடுத்து, "எல்லாத்தையும் அடைச்சிடு, இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. தம்பியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற அன்புதான் காரணம்.

அவர் சுமார் 4 லட்சத்தை அடைத்தார். மீதியைக் கொண்டு "விட்டதைப் பிடிக்க" மறுபடி ஹாலுக்குப் போனார். கடன் அடைந்ததால் வட்டிக்காரரிடம் அவர் மதிப்பு கூடியிருந்தது. முன்பு ஐம்பதாயிரத்துக்குத் தயங்கிய ஆள் இப்போது கேட்டதைக் கொடுத்தார். அவர் கணக்கில் இந்த வாடிக்கையாளருக்குப் பின்னால் நகையும் நிலமும் உள்ள குடும்பம் நிற்கிறது. இரண்டாவது கடன் முதல் கடனைவிட வேகமாக ஏறியது இதனால்தான்.

இரண்டாவது சுற்றில் அவர் பிடித்துக்கொண்ட வழி இரட்டிப்பு. 2,000 தோற்றால் அடுத்து 4,000, பிறகு 8,000. ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்ற கணக்கு. 2, 4, 8, 16, 32 என்று ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் 62,000 போயிருக்கும். ஆறாவதில் 64,000 கட்ட வேண்டும், ஜெயித்தாலும், ஹாலுக்குப் போகும் பங்கைக் கழிக்கும் முன்பே, நிகர லாபம் அதே 2,000தான். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் ஐந்து முறை அடுத்தடுத்துத் தோற்பது 32இல் ஒரு பங்கு. கால் மணிக்கு ஒரு ஆட்டம், வாரத்தில் நாலு ராத்திரி என்று ஆடுபவருக்கு அது அடிக்கடி வரும்.

வந்தபோது கண்டவை

முதலில் வந்தது மனைவி. ஜூலை மாதம். வீட்டு பீரோவில் இருந்த மகளின் வளையல் காணவில்லை, கணவர் மூன்று மணிக்கு வருகிறார், சாப்பிடுவதில்லை, வேறு பெண் தொடர்போ என்று சந்தேகம். இரவு இரண்டு பேர் பைக்கில் வந்து வீட்டு வாசலில் வெறுமனே நின்றுவிட்டுப் போனார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

அடுத்த வாரம் கணவரை அழைத்து வந்தார். அதற்குள் அவர் வேறொரு மருத்துவரிடம் தூக்கமின்மைக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எடை குறைந்திருந்தது. எங்கள் பதிவுப் படிவத்தில் மது, புகையிலை, கஞ்சா, "சீட்டாட்டம் அல்லது ஆன்லைன் சூதாட்டம்" என்று கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார். அவர் அறிந்தவரை அது பொய் இல்லை. "ராத்திரி எங்க இருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் ஹால் வெளியே வந்தது.

மனநல மருத்துவர் தனியாகப் பேசியபோது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்ததா என்று நேரடியாகக் கேட்டார். இருந்தது என்றார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது தவறு. கடனோடு வரும் எவரிடமும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. அன்றே மனைவியை உள்ளே அழைத்து, யார் கூட இருப்பது, எண்ணம் கிளம்பினால் யாரிடம் சொல்வது என்று எழுதிக் கொடுத்தோம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணை இருவர் போனிலும் பதிந்து வைத்தோம். தனியே எங்கும் அனுப்ப வேண்டாம் என்று சொன்னோம்.

மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் வந்தபோது சூதாட்டக் கோளாற்றைப் போதைக் கோளாறுகளோடு சேர்த்தது. ஓராண்டுக்குள் 9 அறிகுறிகளில் 4 இருந்தாலே கோளாறு என்கிறது. இவருக்கு 7 இருந்தது. தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, விட்டதைத் துரத்துவது, நிறுத்த முயன்று தோற்பது, எந்நேரமும் அதே நினைப்பு, மன உளைச்சலில் ஆடப் போவது, பொய், பணத்துக்குப் பிறரை நம்புவது. கடைசியாகச் சொன்னது இந்த நிகழ்வின் மையம். குடும்பம் வந்து மீட்பது நோய்க்கு வெளியே நடக்கும் உதவி என்று நினைக்கிறோம். மருத்துவம் அதை நோயின் அறிகுறிகளில் ஒன்றாகவே எண்ணுகிறது.

கணக்கு

முதலில் அவர் சொன்ன கடன் 4 லட்சம். நாங்கள் அதை எழுதிக்கொண்டு, வாதாடாமல், வங்கியிலிருந்து ஆறு மாத அறிக்கையை எடுத்து வரச் சொன்னோம். கடன்களை அவரும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மூன்று சந்திப்புகளில் பட்டியல் முழுமையானது.

வங்கி நகைக்கடன் 3,10,000. சென்னை வியாபாரிகளுக்கு 2,60,000. ஹால் வட்டிக்காரரிடம் கையில் வாங்கியது 1,80,000. பாகம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் படகுக்காரர்களிடம் வாங்கிய முன்பணம் 1,20,000. நண்பர்களிடம் கைமாற்று 95,000. தண்டல் (தினமும் வந்து வசூலிக்கும் கடன்) பாக்கி 80,000. ஹாலில் கூட ஆடிய இருவருக்கு ஆட்டத்தில் தோற்றுக் கொடுக்காமல் வைத்திருந்தது 65,000. மொத்தம் 11,10,000. வட்டிக்காரரோ தன் கணக்கில் 5,40,000 வர வேண்டும் என்றார், மீட்டர்போல் நேரம் ஓட ஓட ஏறும் மீட்டர் வட்டி. அதை ஏற்றால் மொத்தம் 14,70,000 ஆகும்.

பட்டியல் எழுதி முடித்த அன்று, எதை முதலில் அடைக்க நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். தயங்காமல், ஹாலில் ஆடியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய 65,000 என்றார். "அது மானப் பிரச்சினை மேடம்." மகளின் பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை பாக்கி இருந்தது, அது பட்டியலிலேயே இல்லை. மனைவி அப்போது எதுவும் சொல்லவில்லை. தாளை வாங்கி, கடைசியில் தன் கையெழுத்தில் அதைச் சேர்த்தார்.

வங்கி அறிக்கையை வண்ணப் பென்சிலால் குறித்தோம். ஹால் ஆட்களுக்குப் போனது சிவப்பு, அவர்களிடமிருந்து வந்தது பச்சை. "ஜெயிச்சதும் தோத்ததும் கிட்டத்தட்ட சமமாத்தான் இருக்கும்" என்று தொடங்கினார். ஆறு மாதத்தில் சிவப்பு 4,12,000. பச்சை 1,37,000. ரொக்கமாகப் போனது இதில் வரவே இல்லை. பக்கத்தைத் திருப்பத் திருப்ப அவர் பேச்சு குறைந்தது. புள்ளி விட்டுக்கொடுக்கும் பேரத்தைப் பற்றி அன்றுதான் அவரே சொன்னார்: "அப்ப நான் ஆடுனது ஆட்டமே இல்லையா?"

எடுத்த முடிவுகளும் காரணமும்

மிகக் கடினமான முடிவு, கடனை மொத்தமாக அடைக்க வேண்டாம் என்பது. அக்கா கணவர் தன் பெயரில் இருந்த மனையை விற்கத் தயாராக வந்திருந்தார். நல்ல மனிதர், கோபமும் வந்தது அவருக்கு. "வீட்டு வாசல்ல ஆள் வந்து நிக்கிறான். கட்டிட்டா முடிஞ்சிடும். நீங்க என்னடான்னா கட்டாதீங்கன்றீங்க" என்றார். அம்மா அழுதார். அந்தக் கூட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. சென்ற ஆண்டு கொடுத்த 6 லட்சம் என்னவானது என்று தம்பியையே சொல்லச் சொன்னோம். மாமா முன்னால் தலை நிமிராமல் அவர் சொன்னார். அதன் பிறகு மனை விற்கும் பேச்சு நின்றது.

ஆனால் "ஒரு காசும் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அது இரக்கமில்லாத அறிவுரை, ஆபத்தானதும்கூட. தற்கொலை எண்ணம் உள்ளவரை வட்டிக்காரரிடம் தனியாக விட்டுவிடக் கூடாது. எனவே குடும்பப் பணம் இரண்டு இடத்துக்கு மட்டும் போகலாம் என்று முடிவானது: படகுக்காரர்களின் முன்பணம், பள்ளிக் கட்டணம். இரண்டையும் அக்காவே நேரில் கட்டினார். தம்பி கை வழியாக ஒரு ரூபாயும் போகவில்லை. படகுக்காரர்கள் ஏன் முதலில் என்றால், பாகம் வராமல் படகு நின்றால் நாலைந்து குடும்பத்துக்கு அன்றாட வருமானம் இல்லை. கடையின் பெயர் நிற்பதும் அவர்களை வைத்துத்தான்.

கடை வசூல் முழுவதும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய வங்கிக் கணக்குக்குப் போகும்படி மாற்றினோம். அவர் போனில் பணப் பரிமாற்றச் செயலிகள் நீக்கப்பட்டன. அன்றாடச் செலவுக்குக் கொஞ்சம் ரொக்கம் மட்டும். இது தண்டனைபோல் தெரியக் கூடாது என்பதற்காக, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

வட்டிக்காரர் விஷயத்துக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடினோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எனவே மனு மனைவியின் பெயரில் போனது. ஹாலில் தோற்ற 65,000ஐ நீதிமன்றத்தில் கேட்க முடியாது, 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது என்று வழக்கறிஞர் விளக்கினார். மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அதீத வட்டி தடைச் சட்டத்துக்குள் வருகின்றன, மூன்றாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் வட்டிக்காரரிடம் நிரப்பாத புரோநோட்டு ஒன்றும் கையெழுத்திட்ட காசோலை இரண்டும் இருந்தன. அவற்றை அவர் எப்படியும் நிரப்பலாம். அதனால் காசோலைகளுக்கு வங்கியில் பணம் நிறுத்தக் கடிதம் கொடுத்து, காரணத்தையும் எழுத்தில் பதிவு செய்தார்கள்.

ஹாலைப் பற்றிக் காவல்துறையில் சொல்வதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. எனக்குச் சொல்ல வேண்டும் என்றே இருந்தது. அங்கே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பு விடவில்லை. ஆனால் சிகிச்சைக்கு வந்தவர் நம்பிச் சொன்னதை வைத்து நாம் புகார் கொடுத்தால் அடுத்தவர் யாரும் வர மாட்டார் என்ற மருத்துவரின் வாதம் சரியானது. இறுதியில் மனைவி, தன் வீட்டு வாசலில் வந்து மிரட்டியதைப் பற்றி மட்டும் புகார் கொடுத்தார். அது அவர் கண்ணால் கண்டது, அவருடைய உரிமை.

மருந்தைப் பொறுத்தவரை மனச்சோர்வுக்கு மட்டும் மருத்துவர் எழுதினார். ஆட வேண்டும் என்ற உந்துதலைக் குறைக்கத் தரப்படும் நால்ட்ரெக்ஸோன் மருந்து பற்றிப் பேசப்பட்டது, தேவைப்பட்டால் பிறகு என்று தள்ளிவைத்தார். வாரம் ஒருமுறை சிந்தனை மாற்றுச் சிகிச்சை. அதில் அதிக நேரம் எடுத்தது ஒரே விஷயம்: "கடைசி கறுப்புப் பந்து ரெண்டு இஞ்ச் தள்ளிப் போச்சு, இல்லன்னா..." என்ற நினைவு. மயிரிழையில் தவறியது தோல்வியாக அவர் மனதில் பதிவாவதில்லை, பாதி வெற்றியாகப் பதிகிறது. அப்படித் தவறிய ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதி, பக்கத்தில் அன்று இரவு கையைவிட்டுப் போன தொகையையும் எழுதச் செய்தோம்.

மார்க்கர் சொன்னது

இரண்டாம் மாதம் அந்தப் பெரியவர் அவராகவே வந்தார். இவருடைய அப்பாவைத் தெரிந்தவர். ஹாலைப் பற்றி நாங்கள் எதையும் கேட்கவில்லை. "நல்லா ஆடுறவங்கதாம்மா அங்க நிறைய விட்டது. ஆட வராதவன் ரெண்டு நாள்ல ஓடிடுவான். கையில ஆட்டம் இருக்கறவன்தான் நாளைக்கு வந்து புடிச்சிடலாம்னு உக்காந்துடுவான்" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "தம்பி, மாடிப்படி ஏறுனா நானே திருப்பி அனுப்புவேன், கோவிச்சுக்காத" என்றார். அவருடைய சம்பளமும் அந்த இரவு ஆட்டத்திலிருந்துதான் வந்தது. அதை மீறி அவர் வந்து சொன்னதற்கு எங்கள் குழு முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

பின்னர் நடந்தவை

புகாருக்குப் பிறகு வாசலில் ஆள் வருவது நின்றது. வழக்கறிஞர் முன்னிலையில் பேச்சு நடந்தது. வாங்கிய 1,80,000இல் வட்டி என்று ஏற்கெனவே 1,10,000 கொடுத்திருந்தார். மீதி 70,000ஐ ஏழு மாதத் தவணையில் வாங்கிக்கொள்ள வட்டிக்காரர் சம்மதித்தார். கடைசித் தவணையன்று புரோநோட்டும் காசோலைகளும் திரும்பி வந்தன. எல்லா வட்டிக்காரரும் இப்படி இறங்கி வருவார்கள் என்று இதை வைத்து யாரும் நம்ப வேண்டாம். இங்கே எழுத்துப் புகாரும் வழக்கறிஞரும் ஒன்றாக இருந்தார்கள், ஆளும் வெளியூருக்குத் தொழிலை மாற்றிக்கொண்டிருந்த நேரம்.

சென்னை வியாபாரிகளில் ஒருவர் சரக்கு தர மறுத்துவிட்டார். இன்னொருவர் ரொக்கத்துக்கு மட்டும் தருகிறார். கடையின் அளவு சுருங்கிவிட்டது.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக்குக் குடும்பத்தோடு போனார். கூட்டத்தில் பழைய ஆட்டக்காரர் ஒருவரைச் சந்தித்தார். அன்று மாலை ஒரு படகுக்காரர் பழைய பாக்கி 9,000ஐக் கையில் கொடுத்திருந்தார். புதுச்சேரி எல்லைப் பக்கம் ஒரு பூல் பார்லருக்குப் போய் அத்தனையும் தோற்றுவிட்டு வந்தார். ஆனால் அன்று இரவே மனைவியிடம் சொன்னார். மறுநாள் காலை இருவரும் எங்களிடம் வந்தார்கள். முன்பு இதைப் போன்ற ஒன்று வெளியே வர ஓராண்டு ஆனது. அந்த 9,000ஐக் குடும்பம் ஈடுகட்டவில்லை. அவருடைய அன்றாடச் செலவுத் தொகையிலிருந்து மாதாமாதம் கழிக்கப்பட்டது. மாமா தொலைபேசியில், "நான் கட்டிடறேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்" என்றார்.

அதன் பிறகு இதை எழுதும்வரை ஓராண்டுக்கு மேலாக ஆடவில்லை. மனச்சோர்வு மருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. நகைக்கடனும் வியாபாரிகள் கடனில் பாதியும் இன்னும் இருக்கின்றன. மனைவிக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. இரவு பைக் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அவருக்குத் தனியாக ஆலோசனை தொடங்கியிருக்கிறோம். ஹால் இப்போதும் நடக்கிறது, ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள் என்று கேள்வி.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பதிவுப் படிவத்தில் "சீட்டாட்டம் அல்லது ஆன்லைன் சூதாட்டம்" என்ற வரியை எடுத்துவிட்டு, "எந்த விளையாட்டிலாவது, ஆடியோ பார்த்தோ, பணம் கட்டுகிறீர்களா?" என்று வைத்திருக்கிறோம். கேரம், கிரிக்கெட், சேவல், பூல் என்று உதாரணமும் சொல்லிக் கேட்கிறோம். இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் வேறு மாதிரி இருக்கின்றன.

மனைவியை முதல் நாளே தனிநபராக, அவருக்கே ஆலோசனை தேவைப்படும் ஒருவராகப் பதிவு செய்ய வேண்டும். இந்த நிகழ்வில் அது பல மாதம் தள்ளிப்போனது. குடும்பம் பணம் புரட்டத் தொடங்கும் முன்பே குடும்பக் கூட்டம் நடக்க வேண்டும். பொதுவாக நகையை அடகு வைத்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். இதற்கு ஓ.டி.யில் படகு உரிமையாளர் சங்கங்களிலும் மகளிர் குழுக்களிலும் போய்ப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம், அங்கேதான் முதலில் கைமாற்று கேட்கப்படுகிறது.

தீராத ஒரு கேள்வி இருக்கிறது. பணம் கட்டாமல், பகலில், மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்நூக்கர் ஆடலாமா என்று அவர் கேட்கிறார். மருத்துவர் கூடாது என்கிறார்: அதே கியூ, அதே சாக் வாசனை, அதே ஆட்கள். எனக்கு அவர் வாழ்க்கையிலிருந்து அந்தப் பிரியத்தை முழுக்க எடுத்துவிடுவது சரியென்று படவில்லை. இரண்டாண்டு முடியும்வரை வேண்டாம் என்று இப்போதைக்கு அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதி முடிகிறது. வசூல் வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவர் வாரம் ஒருமுறை வர வேண்டும், மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை. அந்த இரண்டு மாதமும் துறைமுகத்துக்குப் போய்ப் பாக்கி வாங்கும் வேலை கடைப் பையனுடையது. ரசீதுப் புத்தகம் மனைவியிடம் இருக்கும்.